ஆர்.வி. வண்டியின் ஜன்னல்களுக்கு நிழல்: வெயிலை உள்ளே தடுப்பதா, வெளியே தடுப்பதா?

நெடும்பயணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு மோட்டார் ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் ஆர்.வி. வண்டியை, அண்மையில் வாங்கியிருக்கிறோம். நானும் என் மனைவியும் அதில் தங்குகிறோம். சில வாரங்களில் என் மாமியாரும் எங்களுடன் வருவார். அவருக்கு வெப்பம் சிறிதும் ஒத்துக்கொள்ளாது என்பதால் இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே கேட்கிறேன்.

வண்டியின் சுவர்களிலும் கூரையிலும் வெப்பக் காப்பு நன்றாகவே இருக்கிறது. கடும் பிற்பகலில் உட்சுவரைத் தொட்டுப் பார்த்தால் சுடுவதில்லை. ஆனால் ஜன்னல்களின் அருகில் சென்றால் அனல் அடிக்கிறது. முன்கண்ணாடிக்கு உட்புறம் அடர்நீல நிறத்தில் கனமான திரை ஒன்றை முந்தைய உரிமையாளர் போட்டிருக்கிறார். மாலை நான்கு மணிக்கு அந்தத் திரையின் மீது கையை வைத்திருக்க முடிவதில்லை; அதன் மேல் விளிம்பிலிருந்து சூடான காற்று வழிந்து வருவதை முகத்திலேயே உணர முடிகிறது. பக்கவாட்டு ஜன்னல்களில் மடிப்புத் திரைகள் உள்ளன. படுக்கைக்கு மேலே கூரையில் ஒரு பெரிய ஒளிச்சாளரமும், குளியலறைக்கு மேலே ஒரு சிறியதும் இருக்கின்றன.

மின் இணைப்பு உள்ள இடத்தில் நிறுத்தினால் 13,500 பி.டி.யூ. (குளிர்விப்புத் திறனின் அலகு) திறனுள்ள கூரை ஏ.சி.யை ஓட்டுகிறோம். அது நண்பகலுக்குப் பிறகு ஒருமுறைகூட ஓயாமல் ஓடுகிறது. அப்படியும் முன்பகுதி குளிர்வதில்லை. மின் இணைப்பு இல்லாத இடங்களில் 12 வோல்ட் கூரை விசிறி ஒன்றுதான் துணை. உட்புறம் பளபளப்பான குமிழித் தாளை (காற்றுக் குமிழிகள் கொண்ட அலுமினியப் பூச்சுத் தாள்) வைப்பதா, வெளியே துணி உறை போடுவதா, அல்லது கண்ணாடியிலேயே வெயிலைத் தடுக்கும் மெல்லிய ஃபிலிம் ஒட்டிவிடுவதா என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதற்கு முதலில் செலவு செய்வது, ஏன் என்பதைக் காரணத்துடன் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நிழல்விரும்பி எழுதுகிறார்:

நெடும்பயணி அவர்களுக்கு வணக்கம். உங்கள் திரையின் மேல் விளிம்பிலிருந்து வழியும் சூடான காற்றைக் கவனித்துச் சொன்னீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

மேகமற்ற வானத்தில் நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அந்த ஆற்றலில் பாதியளவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்கள். நிறமற்ற ஒற்றைக் கண்ணாடி இவை இரண்டையும் தடையின்றி உள்ளே விடுகிறது. விழுந்த வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த கதிர், அடர்நீலத் திரையிலோ கறுப்பு டாஷ்போர்டிலோ விழுந்து அதைச் சூடாக்குகிறது. சூடான அந்தப் பொருள் திருப்பி வெளியிடும் வெப்பம் நீண்ட அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. அதைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. ஆகவே கண்ணாடியைத் தாண்டிய பிறகு ஒரு கருமையான திரையில் வெயிலைத் தடுத்தால், ஒளி தடைபடுமே தவிர வெப்பம் தடைபடாது. உங்கள் திரை இப்போது ஓர் அறைச் சூடேற்றியின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் உள்ள காற்று சூடாகி மேலே வழிகிறது, கீழ் விளிம்பின் வழியாக அறையின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்புகிறது, அதுவும் சூடாகி மேலே வருகிறது; வெயில் இறங்கும்வரை இந்தச் சுழற்சி நிற்காது.

இதை ஏ.சி.யின் கணக்கில் வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 13,500 பி.டி.யூ. என்பது ஏறத்தாழ 4 கிலோவாட் குளிர்விப்புத் திறன். மேற்கு நோக்கி நிற்கும் முன்கண்ணாடி இரண்டரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலை வெயில் அதன்மீது சதுர மீட்டருக்கு 650 வாட் என்ற அளவில் விழுந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளே வந்தால், 1,300 வாட் ஆகிறது. அதாவது ஏ.சி.யின் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒரு கண்ணாடி விழுங்கிவிடுகிறது. சுவர்கள், கூரை, ஒளிச்சாளரங்கள், உள்ளே இருக்கும் மனிதர்கள், குளிர்பெட்டி, சமையல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து மீதியுள்ள பங்குதான். அது ஓயாமல் ஓடுவதில் வியப்பில்லை.

எனவே என் முதல் யோசனை, முன்கண்ணாடிக்கும் ஓட்டுநர் பகுதியின் இரு பக்கக் கண்ணாடிகளுக்கும் வெளிப்புறத்தில் ஓர் உறை போடுங்கள் என்பதே. வெளியே நிற்கும் துணி வெயிலை வாங்கிச் சூடானாலும், அந்தச் சூடு வெளிக்காற்றிலேயே கலந்துவிடும். இந்த ஒரே காரணத்தால், வெளியே போடும் சாதாரணத் துணிகூட, உள்ளே போடும் விலையுயர்ந்த திரையைவிட அதிக வெப்பத்தைத் தடுக்கிறது. வெளிப்பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி நிறத்திலோ இருந்தால் நல்லது. ஆனால் நிறத்தைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உறைக்குப் பதிலாக வலைத்துணியும் உண்டு. வினைல் பூசிய பாலியெஸ்டர் நூலில் நெய்த இந்தத் துணியில் நுண்ணிய துளைகள் இருப்பதால், வெயிலில் பெரும்பகுதி நின்றுவிடும், காற்று ஊடுருவும், பகலில் உள்ளிருந்து வெளியே பார்க்கவும் முடியும். கறுப்பு வலை வெயிலில் அதிகம் சூடாகும் என்று பலர் தயங்குகிறார்கள். வெளியே, கண்ணாடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் விலகி நின்றால், அதன் சூட்டைக் காற்று எடுத்துச் சென்றுவிடும். கறுப்பு வலையின் வழியே வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும். வெள்ளை வலை வெயிலைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியும் என்பதால், மறைவுக்கு உங்கள் பழைய நீலத் திரையை அப்போது இழுத்துக்கொள்ளலாம்.

சாலையோரம் எழுதுகிறார்:

நிழல்விரும்பி சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நாள்தோறும் இடம் மாறுகிறவர்களுக்கும், வாகன நிறுத்துமிடங்களில் ஓரிரு மணி நேரம் மட்டும் நிற்கிறவர்களுக்கும் வெளியுறை எப்போதும் கைகொடுப்பதில்லை. பலத்த காற்றில் அது அடித்துக்கொள்ளும். மழையில் நனைந்த உறையைச் சுருட்டி உள்ளே வைத்தால் வண்டி முழுவதும் ஈரவாடை வீசும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நேரத்தில் வெளியே இறங்கித்தான் அவிழ்க்க வேண்டும். தனியாகப் பயணிப்பவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தைச் சிறிதாக எண்ணமாட்டார்கள். எனவே உட்புறத் தடுப்பையும் சரியாகச் செய்து வைத்திருப்பது அவசியம் என்பது என் கருத்து.

உட்புறத்தில் வெப்பத்தைத் தடுக்க ஒரே வழி, வந்த ஒளியை அது வெப்பமாக மாறும் முன்பே, ஒளியாகவே திருப்பி அனுப்புவதுதான். கண்ணாடி ஒளியை உள்ளே விடுவதைப் போலவே வெளியேயும் விடும் என்பதால், பளபளப்பான அலுமினியப் பரப்பு கண்ணாடியை நோக்கி இருக்கும்போது, உள்ளே வந்ததில் கணிசமான பங்கு மீண்டும் வெளியே போய்விடுகிறது. ஆகவே குமிழித் தாளின் பளபளப்பு எப்போதும் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். உள்ளே ஆட்கள் இருப்பது தெரியக்கூடாது என்பதற்காகச் சிலர் அதன் வெளிப்பக்கத்தில் கறுப்புத் துணியைத் தைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், நெடும்பயணியின் நீலத் திரைக்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது.

குமிழிகளைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்த மெல்லிய காற்றுக் குமிழிகள் தரும் காப்பு மிகக் குறைவு. வேலையைச் செய்வது பளபளப்பே. அது மங்கினாலோ, அழுக்குப் படிந்தாலோ, மடிப்புகளில் உரிந்தாலோ தாளின் பயனும் அதற்கேற்பக் குறையும். ஏற்கெனவே அடர்நிறம் ஏற்றிய கண்ணாடியில் இந்தத் தாள் அவ்வளவாக உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறமேற்றிய கண்ணாடி வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடாகிவிடும். தாள் திருப்பி அனுப்பும் ஒளியையும் வெளியே போகும் வழியில் மறுபடி உறிஞ்சும்.

அடுத்தது அளவு. கடையில் கிடைக்கும் பொது அளவுத் தாளை வாங்கி இரு மூலைகளில் ஒட்டி நிறுத்தினால், நெடும்பயணி சொன்ன அதே சூடான காற்றுச் சுழற்சி மீண்டும் வரும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் பழைய செய்தித்தாளை ஒட்டி, சட்டத்தின் விளிம்பை விரலால் அழுத்திக் கோடு எடுத்து, அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல் அளவுதான் தாளைச் சட்டத்துக்குள் இறுக்கமாக நிற்கவைக்கும். மேலும் கீழும் காற்று நுழைய இடமிராது. ஓரங்களுக்குத் துணிப்பட்டை கொடுத்துத் தைத்தால் கிழியாது. வெயிலில் சக்ஷன் கப்புகள் நெகிழ்ந்து விழுந்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். முன்கண்ணாடியில் பின்நோக்குக் கண்ணாடிக்கும் அதன் பின்னால் இருக்கும் கேமராவுக்கும் இடம்விட்டு வெட்டுவதை மறக்காதீர்கள்.

இவற்றைவிட எளிதான இன்னொன்றையும் உடனே செய்யலாம். ஓட்டுநர் இருக்கைகளுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரைவரை ஒரு கனத்த திரையைத் தொங்கவிட்டு முன்பகுதியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். டாஷ்போர்டு எவ்வளவு சூடானாலும் அது அங்கேயே இருக்கும், ஏ.சி. குளிர்விக்க வேண்டிய இடமும் குறையும்.

மரப்பட்டறை எழுதுகிறார்:

உட்புறத் தாளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜன்னல் கண்ணாடியால் ஆனதா, அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக்கால் ஆனதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மேலே கீல் வைத்து வெளிப்புறமாகத் தூக்கித் திறக்கும் இரட்டை அடுக்கு ஜன்னல்கள் பெரும்பாலும் அக்ரிலிக்தான். விரல் முட்டியால் தட்டினால் கண்ணாடியின் கூர்மையான ஒலி வராமல் மந்தமான ஒலி வரும்; மூலையில் சிறிய பிளாஸ்டிக் மூடிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இரு அடுக்குகளுக்கு நடுவே சேரும் ஈரத்தை வெளியேற்றுவதற்காக வைத்தவை அவை. அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் பொருள். ஆனால் தாழ்ப்பாளின் இழுவிசையில் இருக்கும் ஒரு பலகை அதற்கு வெகு முன்பே, நாள்கணக்கில் தொடர்ந்து சூடேறுவதால், மெல்ல வளையக்கூடும். வளைந்த ஜன்னல் ரப்பரில் சரியாக அமராது. பிறகு மழைநீர் கசியும்.

மடிப்புத் திரையை முழுவதும் மூடி, அதற்கும் ஜன்னலுக்கும் நடுவே காற்றைச் சிறைப்பிடித்து, அப்படியே நாள் முழுவதும் கடும் வெயிலில் விட்டுச் செல்வதுதான் இதற்கு வழக்கமான காரணம். திரையைத் தயாரிப்பவர்களே வெயில் நேரத்தில் முழுவதும் மூடாமல் ஓர் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். அந்த ஜன்னல்களில் காற்றோட்டத்துக்கென இரண்டாம் நிலைத் தாழ்ப்பாள் இருக்கும். அதில் மாட்டினால் ஜன்னல் சில மில்லிமீட்டர் திறந்தபடி பூட்டிக்கொள்ளும். திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உருவாகும் சூடான காற்று அறைக்குள் வழியாமல் அந்த இடைவெளியில் வெளியே போய்விடும். ஏ.சி. ஓடும்போது சிறிதளவு குளிர்காற்று வெளியேறத்தான் செய்யும். அந்த இழப்பை நான் பொருட்படுத்தமாட்டேன். வாகனம் ஓடும்போது மட்டும் தாழ்ப்பாளை முழுவதும் இறுக்கிவிட வேண்டும்.

நெடும்பயணி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. தட்டிப் பார்த்தேன்; பக்கவாட்டு ஜன்னல்கள் நான்கும் அக்ரிலிக்தான், மூலைகளில் அந்தச் சிறிய மூடிகளும் இருக்கின்றன. முன்பகுதியின் மூன்று கண்ணாடிகள் மட்டுமே உண்மையான கண்ணாடி. காற்றோட்டத் தாழ்ப்பாள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நேற்று மாலை அப்படி மாட்டியதில் படுக்கை அருகிலிருந்த அனல் உடனடியாகத் தணிந்ததை என் மனைவியும் கவனித்துச் சொன்னார்.

இப்போது இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வண்டியின் உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் காந்தம் ஒட்டாது. பக்கவாட்டு ஜன்னல்களுக்கு வெளியே வலைத்துணியை எப்படி நிறுத்துவது? மேலும், ஃபிலிம் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. ஒருமுறை ஒட்டினால் பிறகு தொல்லையே இல்லை என்று ஒரு நிறுவனத்தார் மிகவும் வற்புறுத்துகிறார்கள்.

பகலவன்பாதை எழுதுகிறார்:

ஃபிலிமைப் பற்றி நான் சொல்கிறேன். அக்ரிலிக் ஜன்னல்களில் ஃபிலிம் ஒட்டவே ஒட்டாதீர்கள். அக்ரிலிக் தனக்குள்ளிருந்து ஈரத்தையும் வாயுவையும் சிறிது சிறிதாக வெளியிடும். அது ஃபிலிமுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் தேங்கும். ஃபிலிம் வெப்பத்தை உறிஞ்சினால் பலகை கூடுதலாகச் சூடாகி விரிவடையும். ஒட்டுவதற்கு முன் துடைக்கப் பயன்படுத்தும் ஆல்கஹால், அம்மோனியா கலந்த திரவங்கள் பரப்பில் நுண்விரிசல்களை உண்டாக்கும். அந்த விரிசல்களைப் பிறகு எதனாலும் போக்க முடியாது. இதை உங்களிடம் சொல்லாமலேயே விற்க முயல்கிறார்கள் என்றால் சற்று எச்சரிக்கையாகவே இருங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். சாயம் ஏற்றிய ஃபிலிம் பெரும்பாலும் வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளும். உலோகப் பூச்சுள்ளது ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆனால் கைபேசி, ஜி.பி.எஸ். அலைகளையும் நலிவடையச் செய்யும். செராமிக் ஃபிலிம் அலைகளைத் தடுக்காது, தெளிவாகவும் இருக்கும். ஆனால் அதுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை உறிஞ்சித்தான் வைத்துக்கொள்கிறது. வண்டி ஓடும்போது கண்ணாடியின் சூட்டை எதிர்க்காற்று எடுத்துச் செல்வதால் இவை நல்ல பலனைத் தரும். நின்ற இடத்தில், காற்றில்லாத பிற்பகலில், அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே திரும்பிவிடும். உங்கள் தொல்லை நிறுத்தியிருக்கும்போது வருவது. ஆகவே ஃபிலிம் உங்களுக்கு இரண்டாம் நிலைத் தீர்வுதான்.

விளம்பரத்தில் அகச்சிவப்பை இத்தனை விழுக்காடு தடுக்கும் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அகச்சிவப்பு மொத்த ஆற்றலில் பாதியளவு மட்டுமே என்பதால் அந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று வேறொரு எண் அதே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். மேலும், முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு அளவுக்காவது ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். வண்டியை எங்கே பதிவு செய்திருக்கிறீர்களோ அந்த இடத்தின் விதியைப் பார்க்காமல் எதையும் ஒட்ட வேண்டாம். கழற்றி வைக்கக்கூடிய உறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓட்டத் தொடங்குமுன் அதை அகற்றிவிட்டால் போதும்.

நிழல்விரும்பி எழுதுகிறார்:

ஃபைபர்கிளாஸ் உடலில் வலைத்துணியை நிறுத்த நான் பரிந்துரைப்பது பள்ளத் தண்டு முறையை. ஜன்னலுக்கு மேலே, அதன் அகலத்தைவிட இருபுறமும் பத்து சென்டிமீட்டர் கூடுதலான நீளத்தில், உள்ளே வட்டப் பள்ளம் உள்ள ஒரு மெல்லிய அலுமினியத் தண்டைப் பொருத்த வேண்டும். வலைத்துணியின் மேல் விளிம்பில் கயிறு போன்ற தடித்த ஓரத்தைத் தைத்து, தண்டின் ஒரு முனையிலிருந்து சொருகி இழுத்தால் துணி முழு நீளத்துக்கும் தொங்கும். வீட்டு வண்டிகளில் பக்கவாட்டுக் கூடாரத்தை மாட்டுவதும் இதே முறையில்தான். கழற்றும்போது ஒரு பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

தண்டைத் திருகாணியால் பொருத்துவதானால் ஒவ்வொரு துளையிலும் நீர்புகாப் பசையை இட்ட பிறகே முறுக்க வேண்டும். மரச்சட்டம் உள்ள வண்டிகளில் ஒரு துளையில் நுழைந்த ஈரம் சுவருக்குள் பரவி மரத்தை உளுத்துப்போகச் செய்யும். வெளியே தெரிவதற்குள் சேதம் பெரிதாகிவிடும். துளையிட மனமில்லையென்றால், கட்டுமானத்துக்குப் பயன்படும் பாலியூரித்தேன் வகை ஒட்டுப்பசையால் ஒட்டலாம். வெல்க்ரோ பட்டையின் பசை வெயிலில் இளகி வழியும் என்பதால் வெளிப்புறத்துக்கு அது பொருந்தாது. துணியின் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய தண்டைச் சொருகி, இரு மூலைகளிலும் மீள்கயிறு கட்டினால் காற்றில் படபடக்காது. தூக்கித் திறக்கும் உங்கள் ஜன்னலின் மீதே துணி சரிவாக விழும்படி விட்டால், ஜன்னலைப் பாதி திறந்தபடியே நிழலும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும். மின் இணைப்பு இல்லாத நாட்களில் உங்களுக்கு வேண்டியது இதுதான்: நிழல் விழும் பக்கத்தில் தாழ்வான ஜன்னல் ஒன்றைத் திறந்து, கூரை விசிறியைக் காற்றை வெளியேற்றும் திசையில் ஓட்டுங்கள். மற்ற கூரைத் திறப்புகள் மூடியிருக்கட்டும். இல்லையென்றால் விசிறி பக்கத்துத் திறப்பிலிருந்தே கூரையின் சூடான காற்றை இழுத்துக்கொள்ளும், படுக்கைப் பக்கம் அசைவே இருக்காது.

முன்கண்ணாடி உறைக்கு இத்தனை வேலை இல்லை. அதன் இரு பக்க மடல்களையும் கதவுக்குள் விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினால் காற்றும் எடுக்காது, வேறு யாரும் எடுத்துச் செல்லவும் முடியாது. காலை வெயில் ஏறும் முன்பே உறையைப் போட்டுவிடுங்கள். டாஷ்போர்டும் இருக்கைகளும் ஒருமுறை சூடேறிவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல உறையைப் போட்டாலும் அவை ஆறுவதற்கு நேரமாகும்.

சாலையோரம் எழுதுகிறார்:

கூரை ஒளிச்சாளரத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். நண்பகலில் வெயில் செங்குத்தாக விழுவது அதன்மீதுதான். 40 சென்டிமீட்டர் சதுரமான சிறிய சாளரத்தின் மீது 160 வாட் விழும். 70-க்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய சாளரத்தின் மீது 350 வாட் விழும். அதுவும் படுக்கைக்கு நேர் மேலே. பஞ்சுத் தலையணை போன்ற அடைப்பை உள்ளிருந்து திணிக்கும் வழக்கம் உண்டு. அங்கும் மூடி அக்ரிலிக்காக இருந்தால் மரப்பட்டறை சொன்ன எச்சரிக்கை பொருந்தும். கூரையின் மீது ஏறாமல், ஏணியிலிருந்தே எட்டும் இடமாக இருந்தால், வெளியே ஒரு வெள்ளைத் துணியை விளிம்பில் மீள்கயிறு கோத்து மூடுவது மேல். எட்டாத இடமாக இருந்தால் உள்திரையை மூடிவிட்டு, சாளரத்தை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். விசிறி ஓடும் நேரத்தில் மட்டும் அதை மூடிக்கொள்ளலாம்.

வண்டியில் நிலையாகத் திறந்தே இருக்கும் காற்றுவழிகளை எக்காரணம் கொண்டும் துணியாலோ தாளாலோ அடைக்கக் கூடாது. கூரையிலும் தரையிலும் உள்ள அவை எரிவாயுக் கசிவுக்காகவும் மூச்சுக்காற்றுக்காகவும் விடப்பட்டவை.

பகலவன்பாதை எழுதுகிறார்:

வண்டியை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் கூரையைத்தான் தாக்குகிறது. பக்கவாட்டு ஜன்னல்களையும் முன்கண்ணாடியையும் நேராகத் தாக்குவது காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில். அதில் மாலை வெயில் மோசமானது. ஏனென்றால் அப்போது வண்டியும் வெளிக்காற்றும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். ஆகவே முன்கண்ணாடி மேற்கு நோக்கியிருப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நாடுகளில் வடக்கு நோக்கியும், தெற்கே உள்ள நாடுகளில் தெற்கு நோக்கியும் நிறுத்தினால் முன்கண்ணாடி பெரும்பாலும் நிழலில் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்றால் அந்தந்தப் பருவத்தில் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பக்கவாட்டுப் பந்தல் திரை இருந்தால், வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நாடுகளுக்கான கணக்கு சற்று மாறும். இடப்புறம் ஓட்டும் நாடுகளில் வாசலும் பந்தலும் இடப்பக்கத்தில் இருப்பதால், வண்டி வடக்கு நோக்கினால் பந்தல் மேற்கே விழும். முன்கண்ணாடிக்கும் மேற்குச் சுவருக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்புக் கிடைக்கும். வலப்புறம் ஓட்டும் நாடுகளின் வண்டிகளில் பந்தல் வலப்பக்கம் இருக்கும் என்பதால், மேற்கே பந்தல் வேண்டுமென்றால் தெற்கு நோக்கித்தான் நிறுத்த வேண்டும். அப்போது முன்கண்ணாடி உறை கட்டாயம். தாழ்ந்த வெயில் பந்தலுக்கு அடியில் புகுந்துவிடும் என்பதால், பந்தலின் முன் விளிம்பிலிருந்து ஒரு வலைத்துணியைத் தரைவரை தொங்கவிடுங்கள். காற்று வலுத்தால் முதலில் சுருட்ட வேண்டியதும், யாரும் இல்லாதபோது விரித்து வைக்கக்கூடாததும் பந்தல்தான்.

எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி உங்கள் வண்டியில் இருந்தால், அதன் வெளிக்காற்றுத் துளைகள் எந்தப் பக்கச் சுவரில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்தப் பக்கம் மாலை வெயிலில் நின்றால் குளிர்பெட்டியின் பின்புறம் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறும். உள்ளே உணவு கெடத் தொடங்கும். அந்தச் சுவருக்கு நிழல் தரும் வலைத்துணியைத் துளைகளின் மீது ஒட்டியபடி விடாமல், பந்தலிலிருந்தோ தனிக் கம்புகளிலிருந்தோ அரை மீட்டராவது விலக்கிக் கட்டுங்கள்.